வயிற்றின் மேல் ஒரு மடை

பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு. இன்குபேட்டருக்குள் ஒன்றேகால் கிலோ எடையில் ஒரு குழந்தை படுத்திருக்கிறது. தொப்புளுக்கு வலப்பக்கம், சற்றுக் கீழே, வயிற்றுத் தோலிலிருந்து ஒரு செந்நிற மொட்டு எட்டிப் பார்க்கிறது. பெரியவர்களின் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். கீழுதட்டை மடித்துப் பார்த்தால் உள்ளே தெரியுமே, அதே நிறம், அதே ஈரம். கண்ணெடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தால் அது தானாகச் சுருங்குவதும் விரிவதும் தெரியும். செவிலியர் ஈரத் துணியால் அதைச் சுற்றித் துடைக்கிறார். மொட்டின் மேலேயே துணி பட்டாலும் குழந்தை முகம் சுளிப்பதில்லை. இழுத்தால் குடலுக்கு வலிக்கும், தொட்டால் வலிக்காது.

அந்த மொட்டு, குழந்தையின் சிறுகுடல். சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு ஐலியம் என்று பெயர். அதை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து தைத்து, மலம் அங்கேயே வெளியேறும்படி செய்வது ஐலியாஸ்டமி. வெளியே தெரியும் வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். பெற்றோர் இந்தப் பெயர்களைச் சொல்வதில்லை. "வயித்துல வழி போட்டிருக்காங்க" என்பார்கள். அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

ஆனால் அந்த வழியை ஒரே மாதிரியாகப் போடுவதில்லை. அரை டஜன் முறைகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் அதைக் கண்டுபிடித்தவரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாம் ஒரே கேள்விக்கான வெவ்வேறு விடைகள்: நோயுற்ற குடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், ஆனால் ஓய்விலேயே அது தன் வேலையை மறந்துவிடக் கூடாது. இரண்டையும் எப்படிச் சேர்த்துச் சாதிப்பது?

குடல் முன்பே ஒருமுறை வெளியே வந்திருக்கிறது

குடல் வயிற்றுக்கு வெளியே வருவது நம்மில் எவருக்கும் புதிதில்லை. கரு உருவான ஆறாவது வாரத்தில் குடல் வயிற்றைவிட வேகமாக வளர்கிறது. உள்ளே இடம் போதாமல் தொப்புள்கொடிக்குள் இறங்கிவிடுகிறது. அங்கேயே வளர்ந்து, சுழன்று, பத்தாவது வாரத்தை ஒட்டி மீண்டும் வயிற்றுக்குள் திரும்புகிறது. மொத்தச் சுழற்சி 270 பாகை, ஏறத்தாழ முக்கால் சுற்று. நாம் ஒவ்வொருவரும் இப்படி ஒரு மாத காலம் குடலை வெளியே வைத்திருந்தவர்கள்தாம்.

அந்தச் சுழற்சி பாதியில் நின்றுபோன குழந்தைக்குப் பிறந்த பிறகு குடல் முறுக்கிக்கொள்ளலாம். கயிறுபோல் முறுக்கிக்கொண்டால் குடலுக்கு ஓடும் ரத்தம் நின்றுவிடும். சில மணி நேரத்தில் குடல் கருக்கும். ஐலியாஸ்டமி தேவைப்படும் காரணங்களில் இது ஒன்று.

இன்னொன்று, நிறைமாதம் ஆகாமல் பிறக்கும் குழந்தைகளைத் தாக்கும் குடல் அழற்சி. நெக்ரோடைசிங் என்ட்ரோகொலைட்டிஸ் என்பது முழுப்பெயர். மருத்துவர்கள் 'நெக்' என்று சுருக்கிச் சொல்வார்கள். ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இது வருகிறது. குடல் சுவர் அழுகி ஓட்டை விழலாம். தாய்ப்பால் இந்த நோய்க்கு எதிராக உறுதியாக நிரூபிக்கப்பட்ட காப்பு.

மூன்றாவது, காட்டுப்பீ இறுகிக்கொள்வது. பிறந்த குழந்தை முதலில் வெளியேற்றும் கரும்பச்சை மலத்துக்கு நம் பாட்டிகள் வைத்த பெயர் அது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபு நோயோடு பிறக்கும் குழந்தைகளில் 10 முதல் 20 சதவீதத்தினருக்கு அது கோந்தாக இறுகி ஐலியத்தையே அடைத்துவிடுகிறது. இதற்கும் கணையத்துக்கும் தொடர்பு உண்டு என்று 1905-ல் எழுதியவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர். ரத்த வகைகளைக் கண்டுபிடித்த அதே லாண்ட்ஸ்டைனர்.

நான்காவது, குடலின் ஒரு பகுதியே உருவாகாமல் துண்டாகிக் கிடப்பது. கரு வளர்ந்துகொண்டிருக்கும்போது குடலின் ஒரு துண்டுக்கு ரத்தம் நின்றுபோவதால்தான் இப்படி ஆகிறது என்று 1955-ல் கேப் டவுனைச் சேர்ந்த லௌவும் கிறிஸ்டியன் பர்னார்டும் காட்டினார்கள். தாயின் வயிற்றிலிருக்கும் நாய்க்குட்டியின் குடல் ரத்தக் குழாயைக் கட்டிவிட்டு, பிறந்த பிறகு பார்த்தார்கள், குடல் துண்டாகியிருந்தது. உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சையை 1967-ல் செய்தவர் அதே பர்னார்டுதான்.

இரண்டு முனைகள்

அறுவை அரங்கில் மருத்துவர் அழுகிய குடலை வெட்டி எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவர் கையில் இரண்டு முனைகள். மேல் முனை இரைப்பையிலிருந்து வருகிறது. கீழ் முனை பெருங்குடலுக்குப் போகிறது. இரண்டையும் அங்கேயே சேர்த்துத் தைத்துவிட்டால் என்ன?

தைக்கலாம், பல சமயம் தைக்கிறார்கள். ஆனால் வயிற்றுக்குள் சீழும் மலமும் கலந்து கிடக்கும்போது, குழந்தையின் ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும்போது, தையல் ஒட்டும் என்று நம்ப முடியாது. விட்டுப்போனால் உயிருக்கு ஆபத்து. இன்னொரு சிக்கலும் உண்டு. அடைப்புக்கு மேலே இருந்த குடல் மாதக்கணக்கில் முட்டி முட்டிப் பல மடங்கு வீங்கியிருக்கும். கீழே இருந்த குடலோ எதுவுமே வந்து சேராததால் பென்சிலைப் போல் மெலிந்திருக்கும். புனலின் வாயைக் குழாயின் வாயோடு நேரே தைக்க முடியுமா?

கரை உடைந்த வாய்க்காலில் விவசாயி முதலில் செய்வது, மேலேயே மடையை மாற்றித் தண்ணீரை வேறு பக்கம் திருப்புவது. கரையை அடைப்பதும் மட்டம் தட்டுவதும் பிறகு. குழந்தையின் வயிற்றில் போடும் வழியும் அப்படி ஒரு மடைதான்.

இந்த யோசனை பழையது. மலத்துவாரம் இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு வயிற்றில் வழி போடலாம் என்று 1710-ல் பிரான்சின் லித்ரே எழுதினார். 1793-ல் பிரெஸ்ட் நகரத்தில் துயுரே என்பவர் மூன்று நாள் குழந்தை ஒன்றுக்கு அதைச் செய்துகாட்டினார். அது பெருங்குடலில் போட்ட வழி. மயக்க மருந்தும் கிருமிநாசினியும் இல்லாத காலத்தில் அந்தக் குழந்தை பிழைத்து, 45 வயது வரை வாழ்ந்தது.

எளிய வழிகள்

முதல் முறை, மேல் முனையை மட்டும் வெளியே கொண்டுவந்து தைத்து, கீழ் முனையை மூடி உள்ளேயே விட்டுவிடுவது. ஒற்றை முனை ஐலியாஸ்டமி. இதில் நெடுங்காலமாக ஒரு பிரச்சினை இருந்தது. சிறுகுடலிலிருந்து வருவது கெட்டியான மலம் அல்ல. பித்தமும் செரிமான நொதிகளும் கலந்த நீர். அது பட்ட தோல் சில மணி நேரத்தில் வெந்துவிடும். குடலின் உட்பரப்பு அதைத் தாங்கும், வெளிப்பரப்பு தாங்காது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த குடல் புண்ணாகி, தழும்பேறி, வாய் சுருங்கி அடைத்துக்கொண்டது. 1952-ல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த பிரையன் புரூக் ஒரு எளிய தீர்வைச் சொன்னார். சட்டைக் கையை மடித்துவிடுவதுபோல் குடலின் முனையை வெளிப்புறமாக மடித்துத் தோலோடு தைத்துவிடுங்கள். உட்பரப்பு வெளியே வந்துவிடும். வாய் சற்றே உயர்ந்து நிற்பதால் நீரும் தோலில் வழியாமல் பைக்குள் விழும். பெரியவர்களுக்கு இன்றும் இதுதான் முறை. ஒரு கிலோ குழந்தையின் குடலை அப்படி மடித்தால் ரத்த ஓட்டம் நின்றுவிடும் என்று அஞ்சிப் பல மருத்துவர்கள் மடிக்காமலே விடுகிறார்கள்.

இரண்டாவது, இரு முனைகளையும் வெளியே கொண்டுவருவது. மேல் முனையில் மலம் வரும். கீழ் முனையில் சளி மட்டும் கசியும். இரண்டையும் தள்ளித் தள்ளி வைக்கலாம், ஒட்டினாற்போலவும் வைக்கலாம். ஒட்டி வைக்கும் முறைக்குப் போலந்தைச் சேர்ந்த மிகுலிச்சின் பெயர் வழங்குகிறது. வயிற்றுக்குள் தையல் எதுவும் இல்லை என்பதும், விரைவாகச் செய்துமுடிக்கலாம் என்பதும் இதன் பலம். காட்டுப்பீ அடைப்புக்கு பாஸ்டனின் ராபர்ட் கிராஸ் இதைக் கையாண்டார். உயிர் ஊசலாடும் குழந்தைக்கு நிமிடங்கள்தாம் கணக்கு.

மூன்றாவது, வளைய முறை. குடலை முழுதாக வெட்டாமல் ஒரு வளைவை மட்டும் வெளியே இழுத்து, அதன் முதுகைக் கீறித் திறப்பது. நழுவி உள்ளே போகாமலிருக்கச் சில நாள் அடியில் ஒரு சிறு குச்சியோ குழாயோ வைப்பார்கள். ரத்தக் குழாய்களை வெட்ட வேண்டியதில்லை. திரும்ப மூடுவதும் சுலபம். ஆனால் மேலிருந்து வருவதில் கொஞ்சம் கீழ்க்குடலுக்குள்ளும் போய்விடும். குடல் வெளியே பிதுங்கி வருவதும் இதில் கூடுதல்.

இந்த மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. கீழ்க்குடல் பட்டினி கிடக்கிறது. குடலுக்குச் சாப்பாடு ரத்தத்திலிருந்து மட்டும் வருவதில்லை. தன்னுள் ஓடும் உணவும் அதன் சுவரை வளர்க்கிறது. ஓட்டம் நின்றால் உட்பரப்பு மெலியும், குழாய் சுருங்கும்.

ஒன்றுக்கொன்று கண்ணாடி

இங்கேதான் இரண்டு அழகான யோசனைகள் வருகின்றன.

1957-ல் ஃபிலடெல்ஃபியாவின் ஹாரி பிஷப்பும் எவரெட் கூப்பும் காட்டுப்பீ அடைப்புக்கு ஒரு முறையை வெளியிட்டார்கள். வீங்கிய மேல் முனையை வெளியே கொண்டுவரவில்லை. கீழ்க்குடலின் பக்கவாட்டில் துளையிட்டு அங்கே இணைத்தார்கள். கீழ்க்குடலின் முனையை மட்டும் புகைபோக்கிபோல் வெளியே நீட்டினார்கள். மேலிருந்து வருவது இணைப்பை அடைந்ததும் இரண்டு திசை. கீழே வழி திறந்திருந்தால் இயல்பான பாதையில் போகும். அடைப்பு இன்னும் இருந்தால் புகைபோக்கி வழியாக வெளியே வரும். ஏரியில் கலிங்கு செய்யும் வேலை: தாங்கும் அளவுக்கு உள்ளே, மிஞ்சியது வெளியே. அதே புகைபோக்கி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கீழே இறுகிக் கிடக்கும் காட்டுப்பீயை மருத்துவர்கள் கரைத்துக் கழுவவும் முடிந்தது. நாளாக நாளாகக் கீழ்க்குடல் தேறும். வயிற்றில் வருவது குறைந்துகொண்டே போகும். டயப்பரில் வருவது கூடிக்கொண்டே போகும். எப்போது வழியை மூடலாம் என்பதைக் குடலே சொல்லிவிடும். கூப் பின்னாளில், 1982 முதல் 1989 வரை, அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரலாக இருந்து புகைப்பழக்கத்துக்கு எதிராகப் போராடியவர்.

நான்கே ஆண்டுகள் கழித்து, 1961-ல், நியூயார்க்கின் தாமஸ் சந்துலியும் வில்லியம் பிளாங்கும் அதே படத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பிப் போட்டார்கள். இவர்கள் முறையில் மேல் முனை வெளியே வருகிறது. கீழ் முனை மேல்குடலின் பக்கவாட்டில் இணைகிறது. வருவதற்கு நேர் பாதை வெளியேதான். வீங்கிய மேல்குடல் தங்குதடையின்றி வடிந்து இளைக்கும். கொஞ்சம் தேறியதும் வாயைச் சிறிது நேரம் அடைத்துவைத்தால், வருவது பக்கவாட்டில் திரும்பிக் கீழ்க்குடலுக்குப் போகத் தொடங்கும்.

முன்னதில் குழந்தை இழக்கும் நீர் குறைவு. பின்னதில் மேல்குடலின் அழுத்தம் விரைவாகக் குறையும். புனலையும் குழாயையும் நேரே தைக்கும் தொல்லை இரண்டிலும் இல்லை; பக்கவாட்டுத் துளையை எந்த அளவுக்கும் வெட்டிக்கொள்ளலாம். இதற்கு விலையும் உண்டு. வயிற்றுக்குள் ஒரு தையல் இருக்கிறது; அது ஒட்டியாக வேண்டும். அதனால்தான் சீழ் நிறைந்த வயிற்றில் இவற்றைத் தவிர்த்து, எளிய இரட்டை முனைக்கே மருத்துவர்கள் போகிறார்கள். எந்த முறை சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. இந்தக் குழந்தைக்கு, இந்த இரவில், இந்தக் குடலுக்கு எது பொருந்தும் என்றுதான் கேட்க முடியும்.

உப்பு

வழி போட்டு உயிர் பிழைத்த குழந்தை சில சமயம் வளராமல் நிற்கும். பால் போதுமான அளவு போகிறது, கணக்குப்படி எடை ஏற வேண்டும், ஏறுவதில்லை. காரணம் பெரும்பாலும் உப்பு. சிறுகுடல் நீரில் சோடியம் மிகுதி. சாதாரணமாக அதைப் பெருங்குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஐலியாஸ்டமியில் அந்த வாய்ப்பு இல்லை. சோடியம் குறைந்தால் உடல் வளர்ச்சியையே நிறுத்திவிடுகிறது. ரத்தப் பரிசோதனையில் இது உடனே தெரியாது. சிறுநீரகம் சோடியத்தை இறுக்கிப் பிடித்து ரத்தத்தின் அளவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். சிறுநீரில் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், குழந்தை உப்புக்கு ஏங்குகிறது என்று அர்த்தம். பாலோடு அளந்து உப்புக் கரைசல் கொடுத்த சில நாளில், அசையாமல் நின்ற எடை ஏறத் தொடங்கும்.

அதனால்தான் செவிலியர் பையில் சேர்வதை ஒவ்வொரு முறையும் அளந்து எழுதுகிறார். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 20 மில்லிலிட்டரைத் தாண்டினால் எல்லோரும் கவனமாகிவிடுவார்கள்.

இரட்டை முனை போட்ட குழந்தைகளுக்கு இன்னொரு சிகிச்சையும் உண்டு. செவிலியர் பையில் சேர்ந்த பசுமஞ்சள் நீரை ஊசி போடும் குழலில் உறிஞ்சி எடுக்கிறார். பக்கத்தில் இருக்கும் கீழ்வாய்க்குள் நூல்போன்ற குழாயை நுழைத்து, அந்த நீரைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விடுகிறார். மேலே வெளியேறியது, இரண்டு அங்குலம் தள்ளிக் கீழே மீண்டும் நுழைகிறது. நீர், உப்பு, பித்தம் எல்லாம் உடம்புக்கே திரும்புகின்றன. பட்டினி கிடந்த கீழ்க்குடலுக்கும் வேலை கிடைக்கிறது. மெல்லிய குடலில் குழாய் குத்திவிடாமல் பொறுமையாகச் செய்ய வேண்டிய காரியம். பிஷப்பும் சந்துலியும் தையலால் சாதித்ததை இங்கே ஒரு செவிலியரின் கைகள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சாதிக்கின்றன.

தோலைக் காப்பதற்கும் ஒரு கதை உண்டு. 1950-களில் கிளீவ்லாந்தின் ரூபர்ட் டர்ன்புல், ஸ்டோமாவைச் சுற்றிய தோலைக் காக்கக் கராயா கோந்தைப் பயன்படுத்தினார். இந்தியக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பிசின் அது. 1954-ல் டென்மார்க்கின் எலிசே சோரன்சென் என்ற செவிலியர், வயிற்றில் வழி போட்ட தன் சகோதரி வெளியே செல்ல அஞ்சுவதைப் பார்த்து, தோலில் ஒட்டும் பை ஒன்றை யோசித்தார். இன்று குழந்தையின் வயிற்றில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு பை அந்தப் பையின் வழித்தோன்றல்.

இன்னும் சில குழந்தைகள்

சில குழந்தைகளுக்குப் பெருங்குடல் முழுவதிலும் நரம்பணுக்களே இருக்காது. கருவில் ஐந்தாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை நரம்பணுக்கள் மேலிருந்து கீழாகக் குடல் நெடுக நடந்துபோய்க் குடியேறுகின்றன. நடை பாதியில் நின்றால், அதற்குக் கீழே உள்ள குடல் அசையாது. ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் என்று பெயர். இவர்களுக்கு வழி போடும்போது மருத்துவர் குடலில் சிறு துணுக்குகளை வெட்டி அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். நுண்ணோக்கியில் பார்த்தவர் "இங்கே நரம்பணு இருக்கிறது" என்று சொன்ன இடத்தில்தான் வழி போட முடியும். கண்ணுக்கு நல்ல குடலும் கெட்ட குடலும் ஒன்றுபோலவே தெரியும்.

பள்ளி வயதில் காரணங்கள் மாறுகின்றன. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அல்லது பெருங்குடல் முழுக்க முளைகள் தோன்றும் மரபு நோய். பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலையே மடித்துப் பைபோல் தைத்து ஆசனவாயோடு இணைக்கிறார்கள். லண்டனில் பார்க்ஸும் நிக்கோல்ஸும் 1978-ல் இதை விவரித்தார்கள். இன்று பரவலாக இருக்கும் ஜே வடிவப் பையை 1980-ல் ஜப்பானின் உட்சுனோமியா வடிவமைத்தார். அந்தப் பை ஆறும் வரை மேலே தற்காலிக வளைய ஐலியாஸ்டமி போடுவார்கள்.

இந்த வயதில் எந்த முறை என்பதோடு எந்த இடம் என்பதும் முக்கியம். அறுவைக்கு முன்பே குழந்தையை உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்துப் பார்த்து, வயிற்றில் மடிப்பு விழாத இடத்தை, பாவாடை நாடாவோ பெல்ட்டோ அழுத்தாத இடத்தை, குழந்தையே பார்த்துப் பையை மாற்றிக்கொள்ளக்கூடிய இடத்தைப் பேனாவால் குறித்துவைப்பார்கள். பெரிய அறுவை சிகிச்சையின் பாதி வெற்றி அந்தச் சிறு புள்ளியில் இருக்கிறது.

மடையை அடைப்பது

பச்சிளங்குழந்தைகளுக்குப் போடும் வழி பெரும்பாலும் தற்காலிகமானது. குழந்தை தேறி எடை கூடியதும், கீழ்க்குடலில் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். நெக் வந்த குடல் ஆறும்போது தழும்பேறிச் சுருங்கியிருக்கலாம். அது தெரியாமல் மூடினால் மறுபடியும் அடைப்புதான். பாதை சரி என்று தெரிந்த பிறகு இரண்டு முனைகளையும் இணைத்து உள்ளே வைத்துத் தைத்துவிடுகிறார்கள்.

அடுத்த சில நாள் வார்டில் எல்லோரும் ஒன்றுக்காகவே காத்திருப்பார்கள். அம்மா டயப்பரைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பாள். ஒருநாள் அதில் மஞ்சளாகக் கொஞ்சம் இருக்கும். அவள் ஓடிவந்து செவிலியரைக் கூப்பிடுவாள். மலத்தைக் கண்டு ஒருவர் கண்கலங்கிச் சிரிப்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

பிறகு அந்த வயிற்றில் இரண்டு அடையாளங்கள் மிஞ்சும். ஒன்று, குறுக்கே ஒரு சிறு கோடு. குழந்தை வளர வளர அது மங்கிவிடும். அதற்குச் சற்று மேலே இன்னொன்று, எல்லோருக்கும் இருப்பது. கருவில் குடல் வெளியே போய்த் திரும்பிய வாசல், பத்து மாதம் தாயிடமிருந்து ஊட்டம் வந்த வழி. அதுவும் உயிரைக் காப்பதற்காகத் திறந்திருந்து, வேலை முடிந்ததும் மூடிக்கொண்ட ஒரு மடையின் தழும்புதான். இந்தக் குழந்தைக்கு அப்படி ஒரு மடை கூடுதலாகத் தேவைப்பட்டது.